கிரேட்டே வைட்ஸும் அந்த "ஆனா"வும்

போன வாரம் மராத்தான் பற்றிப் பேச்சு வந்தபோது, விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், "கிரேட்டே வைட்ஸ் பெரிய ஆள்தான், ஆனா ஒலிம்பிக் தங்கம் இல்லையே" என்றார். அந்த "ஆனா" எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயே பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வைட்ஸ் நார்வே நாட்டு ஓட்டக்காரர், 1953இல் ஆஸ்லோவில் பிறந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓடியபோது வயது 18. பெண்களுக்கு அந்த 1500 மீட்டரே அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது, அதற்கு மேல் ஒரு தூரமும் கிடையாது. 1928இல் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று சொல்லி அந்தப் பந்தயத்தையே 1960 வரை நிறுத்தி வைத்திருந்தவர்கள் அல்லவா, நீண்ட தூரத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுவார்களா?

வைட்ஸ் 1975இல் 3000 மீட்டரில் உலக சாதனை படைக்கிறார். 1976 ஜூனில் அதே ஆஸ்லோவில் அதை 8 நிமிடம் 45.4 விநாடியாகக் குறைக்கிறார். அடுத்த மாதமே மாண்ட்ரியல் ஒலிம்பிக். உலகத்திலேயே 3000 மீட்டரை வேகமாக ஓடுகிற பெண் அங்கே போய் நிற்கிறார், அங்கே பெண்களுக்கு 3000 மீட்டர் பந்தயமே இல்லை. தனக்குக் குட்டையான 1500ஐ ஓடி அரையிறுதியோடு திரும்பினார். இதைப் போய் அவர் கணக்கில் தோல்வி என்று எழுத எப்படி மனம் வருகிறது?

1978இல் ஓட்டத்தையே விட்டுவிடலாம் என்ற யோசனையில் இருந்தார். ஆஸ்லோவில் பள்ளி ஆசிரியை, விடிவதற்கு முன்பே எழுந்து இருட்டிலும் குளிரிலும் பயிற்சி செய்துவிட்டுப் பிறகு வேலைக்குப் போகிற வாழ்க்கை. கணவர் ஜாக்தான், நியூயார்க் மராத்தானுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஊர் சுற்றிய மாதிரியும் இருக்கும் என்று தேற்றினார். பந்தய அமைப்பாளர் ஃபிரெட் லெபோ அவரைக் கூப்பிட்டது ஜெயிப்பதற்காக அல்ல, மற்றப் பெண்களுக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துத் தருவதற்காக. மராத்தான் 42 கிலோமீட்டர், அவருக்கோ அதற்கு முன் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓடிப் பழக்கமே இல்லை. முந்தைய நாள் இரவு இறால், மாட்டிறைச்சி, ஒயின், ஐஸ்கிரீம் என்று இருவரும் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! மராத்தான் ஓடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையில் கை வைப்பார்கள்.

முன்பாதி சுகமாகப் போயிற்று. அதற்குப் பிறகு தொடைகள் பிடித்துக்கொண்டன. வழியெல்லாம் மைல் கணக்கு, கிலோமீட்டரில் வளர்ந்தவருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதே பிடிபடவில்லை. முடிவுக் கோடு ஒரு பூங்காவுக்குள் என்று மட்டும் தெரியும். அதனால் எங்கே நாலு மரம் சேர்ந்து தெரிந்தாலும், இதுதான் அது, வந்துவிட்டோம் என்று நினைத்து ஏமாந்தபடியே ஓடியிருக்கிறார். முடித்தபோது 2 மணி 32 நிமிடம் 30 விநாடி, பழைய உலக சாதனையைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைவு. கடைசி நேரத்தில் சேர்த்த பெயர் என்பதால், 1173ஆம் எண்ணை அணிந்து ஓடி வந்தவர் யார் என்று அறிவிப்பாளர்களுக்கே தெரியவில்லை. அவரோ நேரே கணவரிடம் போய்க் காலணியைக் கழற்றி அவர் மேல் எறிந்து, இந்த முட்டாள்தனத்தை இனி ஒருநாளும் செய்யமாட்டேன் என்று கத்தினாராம்.

மறு ஆண்டு திரும்பி வந்து 2:27:33. இரண்டரை மணி நேரத்துக்குள் மராத்தான் முடித்த முதல் பெண். நியூயார்க்கில் மொத்தம் ஒன்பது வெற்றி. மைதானத்துக்கு வெளியே புல்லிலும் மேட்டிலும் ஓடுகிற கிராஸ் கன்ட்ரியில் உலகப் பட்டம் ஐந்து முறை. இவ்வளவும் நடக்கிற காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் இல்லை. 1980 மாஸ்கோவை நார்வே புறக்கணித்தது, ஆனால் போயிருந்தாலும் அவருக்கு 1500 மீட்டர்தான். 1983இல் ஹெல்சின்கியில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடத்தி மராத்தானை வைத்தார்கள். மூன்று நிமிட இடைவெளியில் ஜெயித்தார். போட்டி என்று ஒன்றை வைத்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் 1984 லாஸ் ஏஞ்சலிஸ். மியூனிக் முடிந்து 12 வருஷம் கழித்து, அவருடைய முப்பதாவது வயதில், பெண்கள் மராத்தான் வருகிறது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் ஆரம்பத்திலேயே பிரிந்து முன்னே போனார். வெயிலில் தளர்ந்துவிடுவார் என்று பின்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள், அவர் தளரவே இல்லை. பெனாய்ட் அன்று அபாரமாக ஓடினார், அந்தத் தங்கம் அவருக்கே உரியது. வைட்ஸுக்கு வெள்ளி. என் கோபம் பெனாய்ட் மேல் இல்லை, அந்த 12 வருஷத்தின் மேல்தான்.

1990இல் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. 1992இல், தான் நடத்துகிற நியூயார்க் மராத்தானை, அறுபது வயதில், அந்த நோய்க்குப் பிறகும், ஓடி முடிக்க ஆசைப்பட்டார். வைட்ஸ் கூடவே ஓடினார். 1978இல் எந்த வேலைக்காகக் கூப்பிட்டாரோ அந்த வேலையை அன்று அவருக்காகவே செய்தார், இந்த முறை முன்னால் அல்ல, பக்கத்தில். 5 மணி 32 நிமிடம். இருவரும் கைகோத்து, அழுதுகொண்டே கோட்டைத் தாண்டினார்கள். அந்தக் காட்சியின் வீடியோவைத் தேடி எடுத்து நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.