முதல் ஊசி போட்ட அன்று ராத்திரி

கொரோனா தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதை ஊசி போடும் இடத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எனக்கு ஊர் கம்பம். கேரள எல்லை தாண்டி, குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். 2021 ஏப்ரலில் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. காய்ச்சல் 102 டிகிரி. கொரோனாவே வந்துவிட்டது என்று வீட்டில் அழுதுவிட்டார்கள். பாராசிட்டமாலும் கஞ்சியும்தான் மருந்து. மூன்றாம் நாள் வேலைக்கு ஜீப் ஏறிவிட்டேன்.

ஆனால் என்னைப் பார்த்து அதே ஜீப்பில் வரும் ஏலப்பழம் எடுக்கிற அக்காமார் பயந்துவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி போச்சு. பலர் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் ஆகஸ்ட்டில், கேரளாவிலிருந்து இந்தப் பக்கம் வர இரண்டு டோஸ் சான்றிதழோ கொரோனா இல்லை என்ற ஆர்டிபிசிஆர் பரிசோதனை முடிவோ வேண்டும் என்றதும் எல்லோரும் ஓடினார்கள். அப்போது இரண்டு டோஸுக்கும் நடுவே 12 வாரமாவது இடைவெளி விட வேண்டியிருந்ததே, எப்படி முடியும்?

எனக்கு இரண்டாவது டோஸில் கை வலி மட்டும்தான். இந்த ஊசியில் பெரும்பாலும் முதல் தடவைதான் கடுமையாக இருக்குமாம். அதை அந்த அக்காமாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.