இரண்டு தடவை எடுத்தால்தான் அது ஒரு டெஸ்ட்

மூன்று நாளாக டைம்லைன் முழுக்க அந்த வீடியோதான். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: நெஞ்சுவலி என்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒரு தம்பி, இரண்டாவது தடவை ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்ணிடம் சண்டை போட்டு அதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். பில்லில் ட்ரோபோனின் என்று, அதாவது மாரடைப்பா என்று பார்க்கிற ரத்த டெஸ்ட், இரண்டு வரி இருக்கிறது, அதைச் சிவப்பில் வட்டம் போட்டு "ஒரே டெஸ்டுக்கு ரெண்டு தடவை காசு, பகல் கொள்ளை" என்று எழுதியிருக்கிறார் அந்தத் தம்பி. என் நட்பு வட்டத்தில் நான் மதிக்கிற ஆட்களே ஷேர் பண்ணியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி லேபில் நைட் டூட்டி பார்க்கிற ஆள் நான். நெஞ்சுவலி என்று கேஷுவால்டிக்கு வருகிறவர்களின் ரத்தம் என் கைக்குத்தான் வருகிறது.

ஒரே டெஸ்டை இரண்டு தடவை செய்யவில்லை. இரண்டு தடவை எடுத்தால்தான் அது ஒரு டெஸ்ட்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசைக்குச் சேதம் வந்தால் ரத்தத்தில் கசியும். ஆனால் வலி வந்த நிமிடமே ரத்தத்தில் தெரிந்துவிடாது. பழைய முறை டெஸ்டில் தெரியவே மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். மிகக் குறைந்த அளவையும் பிடிக்கிற, இப்போது வந்திருக்கிற ஹை சென்சிடிவிட்டி டெஸ்டில் சீக்கிரம் தெரியும்தான். அதிலும் முதல் ரத்தம் எடுத்து ஒரு மணி, இரண்டு மணி அல்லது மூன்று மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம் எடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதல். மாரடைப்பு என்றால் என்ன என்று உலக அளவில் 2018-இல் புதுப்பித்த வரையறையைப் பாருங்கள். ட்ரோபோனின் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், அது ஏறவோ இறங்கவோ வேண்டும், அதோடு வலி, ஈசிஜி மாற்றம் மாதிரி இன்னொரு ஆதாரமும் வேண்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரே ஒரு நம்பரை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

டயாலிசிஸ் செய்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்குச் சாதாரண நாளிலேயே ட்ரோபோனின் எல்லைக்கு மேலேதான் நிற்கும். முதல் ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் அவர்கள் வருகிற ஒவ்வொரு தடவையும் மாரடைப்பு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று மணி நேரம் கழித்தும் அதே நம்பர் நின்றால் டாக்டர் வேறு பக்கம் தேடுவார். மளமளவென்று ஏறினால் அப்போதே கேத் லேபுக்கு, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்கிற இடத்துக்கு, போன் போகும். கடுமையான கிருமித்தொற்று, நுரையீரலில் ரத்தக்கட்டி, இதயத் தசை அழற்சி, ஏன், மாரத்தான் ஓடி முடித்தவருக்குக்கூட இது ஏறும். "பாசிட்டிவ்" என்ற ஒரு வார்த்தையில் இதில் எதுவும் தெரியாது.

என் தாய்மாமா கதையைச் சொல்கிறேன். சுகர் உள்ளவர். ஒருநாள் விடிகாலையில் மேல்வயிற்றில் எரிச்சல், உடம்பெல்லாம் வேர்வை. கேஸ் என்று நினைத்து ஜெலுசில் குடித்திருக்கிறார். அடங்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேபுக்கு நேராகப் போய் ட்ரோபோனின் கார்டு டெஸ்ட் எடுத்தார். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரியே இருக்கும் அது. சொட்டு விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து கோடு பார்க்க வேண்டும். ஒரே கோடு வந்தது. "நெகட்டிவ்" என்று சீட்டுக் கொடுத்தார்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்கவில்லை, ஈசிஜி எடுத்தீர்களா என்று கேட்கவில்லை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றும் சொல்லவில்லை. எரிச்சல் ஆரம்பித்து அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மாமா சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்துவிட்டார். அத்தை போன் பண்ணினால், "எனக்கு ஒண்ணுமில்ல, டெஸ்ட்லயே சொல்லிட்டான்" என்றாராம். மதியம் கல்லாவிலேயே சாய்ந்தார். உயிர் பிழைத்தார், அது வரைக்கும் நல்லது. ஆனால் இதயம் பம்ப் செய்கிற அளவு 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போகிறார் இப்போது.

அவருக்கு யாராவது இரண்டாவது தடவை ரத்தம் எடுத்திருந்தால், எத்தனை ரூபாய் கேட்டிருந்தாலும் அத்தை வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பார். கொள்ளை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டோம்.

இனி கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும். "வெளிநாட்டில் ஒரே டெஸ்ட்டில் அனுப்பிவிடுகிறார்களே" என்பீர்கள். அனுப்புகிறார்கள். ஹை சென்சிடிவிட்டி டெஸ்டில் அளவு மிக மிகக் குறைவாக இருந்து, வலி ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகி, ஈசிஜியும் நன்றாக இருந்தால் ஒன்றே போதும். இந்த மூன்றும் சேர வேண்டும். வலி வந்து அரை மணி நேரத்தில் ஓடி வருகிறவருக்கு அது பொருந்தாது.

"அரசு சுகாதார நிலையத்தில் ட்ரோபோனினே இல்லாமல் மாத்திரை கொடுக்கிறார்களே" என்று ஒருவர் வீடியோவின் கீழேயே கேட்டிருந்தார். கொடுக்கத்தான் வேண்டும். 2023-இல் வந்த தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஈசிஜியிலேயே மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ரத்த ரிப்போர்ட்டுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈசிஜியில் தெளிவாகத் தெரியாதவர்களுக்குத்தான் இந்தக் காத்திருப்பும் இரண்டாவது ரத்தமும். உங்கள் அப்பா அந்த இரண்டாவது வகை, தம்பி.

"தனியார் ஆஸ்பத்திரிகள் தேவையில்லாமல் டெஸ்ட் எழுதுவதே இல்லையா?" எழுதுகிறார்கள். கொரோனா சமயத்தில் லேசான காய்ச்சல்காரர்களுக்கெல்லாம், ரத்தக்கட்டி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பார்க்கிற டி-டைமர் டெஸ்டைப் பார்த்ததை நான் மறக்கவில்லை. வயது ஏறினால் அது ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ஆபரேஷன் முடிந்தாலும் ஏறும். எத்தனை பேர் அந்த நம்பரைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தார்கள்! அதை எழுதுங்கள், நானும் ஷேர் பண்ணுகிறேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து, நியாயமாக எடுக்க வேண்டிய ஒரு டெஸ்டின் மேல் கொட்டாதீர்கள்.

இன்னொன்று. ரத்தம் எடுக்கும்போது நாங்கள் ஏதேதோ கேட்கிறோம் என்று எரிந்து விழுகிறார்கள். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை சில மெஷின்களில் ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே இதற்கு எச்சரிக்கை விட்டது, ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. அதனால்தான் கேட்கிறோம். ரத்த டியூபை மெஷினில் வேகமாகச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கிற திரவம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, நம்பர் மேலேயோ கீழேயோ தப்பாகப் போகலாம். அப்போது திரும்ப ஒரு ஊசி குத்தத்தான் வேண்டும். காலை மூன்று மணிக்குத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பக் குத்துகிறவருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

அந்த வீடியோவில் தெரிகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருந்தால் அதிகம். கையில் டியூபும் பஞ்சுமாக நின்றுகொண்டு "சார், டாக்டர் மூணு மணி நேரம் கழிச்சு எடுக்கச் சொன்னாங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. அவள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, "எவ்ளோ கமிஷன்?" என்று கேட்கிறீர்கள். கீழே கமெண்டில் அவளைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் அவளுடைய அப்பா அம்மா படித்திருப்பார்கள். பில்லைப் பற்றிச் சண்டை என்றால் பில் கவுன்ட்டரில் போட்டிருக்கலாம். நாளைக்கு இன்னொருவர் அப்பாவுக்கு இரண்டாவது ரத்தம் எடுக்கப் போகும்போது இந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கும். என் தாய்மாமா மாதிரி ஆட்களுக்கு அதுதான் நஷ்டம்.

ஷேர் பண்ணிய யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை, வீடியோவின் கடைசியில் அந்தத் தம்பி தன் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறார். இரண்டாவது ரத்தம் எடுக்க விடவே இல்லை. வீல்சேரில் போகும்போதும் அந்தப் பெரியவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் போன் பண்ணி, அவரை இன்றைக்கே எந்த ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப்போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். வலி திரும்ப வந்தால் 108-க்கு அடிக்கச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்திருந்தால் ட்ரோபோனின் பல நாட்கள், ஒரு வாரத்துக்கு மேல்கூட, ரத்தத்தில் இருக்கும். மூன்று நாள்தான் ஆகிறது, இப்போது எடுத்தாலும் தெரிய வாய்ப்பிருக்கிறது.