ஒரு கோட்டுக்காகக் கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள்

போன மாதம் உறையூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு வெளியே வந்து பார்த்தால் காரின் இடது பக்கப் பின்கதவில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கோடு. பக்கத்தில் நின்ற பைக்கை யாரோ வெளியே எடுக்கும்போது ஹேண்டில்பார் உரசியிருக்கிறது. அடர்நீல வண்டி, அதில் வெள்ளைக் கோடு. பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் குத்தியது. "விடுங்க, ரோட்டுல ஓடுற வண்டின்னா கோடு விழத்தான் செய்யும்" என்றார் மனைவி. எனக்கு மனசு ஆறவே இல்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கோட்டை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஃபுல் டோர் அடிச்சிடலாம் சார், 6,500 ஆகும். இன்சூரன்ஸ்லயே போட்டுடலாம்" என்று எஸ்டிமேட் எழுத ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசல் நிழலில் ஒன்றரை மணி நேர வேலை. கோட்டில் முக்கால்வாசி போய்விட்டது.

பணம் மிச்சம், சரி. ஆனால் எனக்குக் கோபம் அதற்காக இல்லை. கம்பெனி பெயின்ட் ஒரு வண்டிக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். தொழிற்சாலையில் சீட், வயர், ரப்பர் எதுவும் மாட்டாத வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். அப்புறம் பிரைமர், கலர், அதற்கு மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. மேல்பூச்சை ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் வேகவைத்து எடுப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக்கும் வயரும் வந்த பிறகு அந்தச் சூட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகவே முடியாது. ஒர்க் ஷாப்பில் பெயின்ட் அடிக்கும் அறையில் 60 முதல் 80 டிகிரிதான். அதனால் அங்கே அடிப்பது வேறு வகைப் பெயின்ட். நல்ல பெயின்டர் கையில் அருமையாக வரும், மறுக்கவில்லை. ஆனாலும் மெட்டாலிக் கலர் என்றால், வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பக்கத்துக் கதவோடு ஒரு சாயல் வித்தியாசம் தட்டுப்படும். விற்கப்போனால் புரோக்கர் பெயின்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவியைக் கதவில் வைப்பார். "இந்தப் பக்கம் அடிபட்டிருக்கா சார்?" என்பார். கோடுதான் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பமாட்டார்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. அது படிப்படியாக ஏறி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் ஆகும். அந்தக் கழிவுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் ஒரு சின்னக் கோட்டுக்குக் கிளைம் போட்டால், ஏறியது அத்தனையும் போய்விடும். அதுபோக 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான். இதையெல்லாம் எஸ்டிமேட் எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டாமா?

இப்போது கோட்டுக்கு வருவோம். பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான். வண்டியின் எல்லாப் பூச்சும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. உங்கள் கோடு அந்தக் கிளியர் கோட்டுக்குள் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. கழுவித் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் மேலோட்டமான கோடு. தண்ணீர் தெளித்தால் கோடு மறைகிறதா, அதுவும் நல்ல செய்தி. நகம் சிக்கி நின்று, உள்ளே சாம்பல் நிறமோ தகரமோ தெரிந்தால், அதைத் தேய்த்துப் போக்க முடியாது.

என் கோட்டில் பாதிக்கு மேல் கோடே இல்லை. அந்த பைக்கின் வெள்ளைப் பெயின்ட் என் கதவில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். துணியில் கொஞ்சம் டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே தொட்டுத் துடைத்ததும் வந்துவிட்டது. இதற்குத்தான் கதவு முழுக்க அடிக்கச் சொன்னார்கள். பெயின்டைக் கரைக்கும் தின்னரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், முக்கியமாக ஏற்கெனவே ஒருமுறை அடித்த பாகத்தில்.

மிச்சத்துக்கு ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்க்கும் பசை. அது கோட்டை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் துளித் துளியாகத் தேய்த்து, கோட்டின் விளிம்பை மழுக்குகிறது. விளிம்பில் வெளிச்சம் சிதறுவதால்தான் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. விளிம்பு போனால் வெள்ளையும் போகும். இது புரிந்தால் எவ்வளவு தேய்க்கலாம் என்பதும் புரியும். ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரானிலிருந்துதான் எடுக்கிறோம். வெயிலைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான். அது போனால் கலர் வெளுக்கும்.

ஷாம்பூ போட்டுக் கழுவி, கதவு சூடு ஆறிய பிறகு ஆரம்பித்தேன். வெயிலில் செய்தால் காம்பவுண்ட் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். கதவு விளிம்பிலும் ரப்பர் பீடிங்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். விளிம்பில் பூச்சு இன்னும் மெல்லியது. மைக்ரோ ஃபைபர் துணியில் சுண்டைக்காய் அளவு காம்பவுண்ட். முன்னும் பின்னும், அப்புறம் குறுக்கே, அழுத்தாமல். துடைத்துவிட்டு போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். மூன்று சுற்றில் போதும் என்று நிறுத்திவிட்டேன். அப்புறம் பாலீஷ், கடைசியில் வேக்ஸ். மேட் ஃபினிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது, அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிடும்.

டூத்பேஸ்ட் தேய்த்தால் கோடு போகும் என்று வீடியோ அனுப்புகிற நண்பர்களே, அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, லேசான கோடு மங்கும்தான். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. 200, 300 ரூபாய்க்குக் காம்பவுண்ட் கிடைக்கும்போது லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் அதைச் சோதிப்பானேன்? தேங்காய் எண்ணெய் கோட்டை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் கோடு திரும்ப வந்து நிற்கும்.

தகரம் தெரியும் கோடு என்றால் தள்ளிப்போடாதீர்கள், மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் அதிவேகமாகத் துரு ஏறும். வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயின்டின் நிறக் குறியீட்டு எண்ணைப் பார்த்து, அதே நிறப் பெயின்ட் உள்ள டச்சப் பேனா வாங்கிக் கோட்டில் பூசுங்கள். நிறம் நூற்றுக்கு நூறு சேராது, ஆனால் துரு ஏறுவது நிற்கும்.

உண்மையில் நம் வண்டிகளில் விழும் கோடுகளில் நிறைய நாமே போடுவது. காலையில் தூசியோடு இருக்கும் வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான். எங்கள் குடியிருப்பில் வண்டி துடைக்கும் அண்ணன் ஒரே பக்கெட், ஒரே துணியில் பன்னிரண்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான். இந்த மாதம் அவருக்கு நான்கு மைக்ரோ ஃபைபர் துணியும் இன்னொரு பக்கெட்டும் வாங்கிக் கொடுத்தேன். "முதல்ல தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிடுங்கண்ணே, அப்புறம் துணி வைங்க" என்றேன். மற்ற பதினொரு வண்டிக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறார்.