துடைப்பம் யார் கையில்?

ஜப்பான் பள்ளிப் பிள்ளைகள் தரை துடைக்கும் வீடியோ திரும்பவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு இதை எப்போ சொல்லித்தரப் போறோம்?" என்ற வரியோடுதான் எப்போதும் வரும்.

நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. வகுப்பறை, தாழ்வாரம், பல பள்ளிகளில் கழிவறை வரை அங்கே பிள்ளைகளே சுத்தம் செய்கிறார்கள். டாக்டர் மகனா, கடைக்காரர் மகளா என்று பார்ப்பதில்லை. முறை வந்தால் யாராக இருந்தாலும் குனிய வேண்டும். வீடியோவைப் பகிர்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இங்கே நிலைமை வேறு. பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில், ஈரோடு மாவட்டத்தில் 2022-இல் ஒரு தலைமை ஆசிரியை கைதானார். வெளியே வராத கதைகள் எத்தனையோ. இன்னும் பல வகுப்புகளில் பெருக்குவது பெண்பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது பையன்கள். அதனால் 'பிள்ளைகளிடம் துடைப்பத்தைக் கொடுங்கள்' என்று யாராவது சொன்னால், எந்தப் பிள்ளையிடம் என்றுதான் முதலில் கேட்பேன். வகுப்பில் எல்லோருக்கும் முறை வைத்து, ஆசிரியரும் கூடச் சேர்ந்தால் சரி. தண்டனையாக மட்டும் கொடுக்கவே கூடாது.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "படிக்கலேன்னா குப்பை பொறுக்கத்தான் போவே" என்று திட்டுகிறோம். தெருவைச் சுத்தமாக வைத்திருக்கிறவர் கேவலமானவர் என்று பத்து வயதுக்குள் மனதில் பதித்துவிட்டு, அதே பிள்ளையை 'தூய்மை' பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். முதல் பரிசும் கொடுப்போம்!

என்னைக் கேட்டால் பேரணி, பேச்சுப் போட்டி எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஓரங்கட்டலாம். பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்குமான இடத்தைச் சுத்தமாகவும் அழகாகவும் வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு வகுப்பிடம் ஒரு வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று போட்டோவுக்காக நடும் கன்றுகளில் பல, மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துபோகின்றன. பூவரசோ புங்கனோ, ரெண்டே கன்று போதும். விடுமுறையில் யார் யார் ஊற்றுவது என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று சண்டை போடட்டும், பரவாயில்லை.

அப்புறம் மார்கழி. பொதுத் தெருவை அழகாக்குகிற வேலையை நம் ஊரில் ஏற்கெனவே தினமும் செய்கிறார்கள், அதுவும் சம்பளமில்லாமல், பெரும்பாலும் பெண்கள். இந்த வருஷம் பையன்களையும் விடியற்காலையில் எழுப்பி, வாசல் தெளித்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோணலாக வந்தால் வரட்டும்.