ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலே மாட்யூல் போய்விட்டது என்று அர்த்தமில்லை

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு; மாட்யூல் அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. ‘ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் மாட்யூல் காலி, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் தற்காலிகமாகச் சரியாகும்’ என்று சிலர் சொல்வதை நம்பிச் செலவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு சக்கர வேக சென்சாரிலோ அதன் வயரிலோதான் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் விளக்கு அணையலாம். பழுது அப்படியே இருப்பதால் வண்டி கொஞ்சம் ஓடியதும் மறுபடி எரியும்.

முதலில் ஸ்கேனர் (வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) போட்டு எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று பாருங்கள். விலை குறைந்த ஸ்கேனர்கள் பல எஞ்சின் பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பழுதைக் காட்டும், ‘சி’ (C) என்று தொடங்கும் குறியீடுகளையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அப்புறம் அந்தச் சக்கரத்தின் சென்சார் முனையில் இரும்புத்தூள், சேறு, அறுந்த வயர், கனெக்டரில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

சமீபத்தில் வீல் பேரிங் மாற்றினீர்களா? பல வண்டிகளில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பேரிங்கைப் பக்கம் மாற்றி மாட்டினால் சிக்னலே வராது. நல்ல மெக்கானிக்கே சில நேரம் இதில் சறுக்குவார். பழைய வகை சென்சாரை மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்க்கலாம். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஆக்டிவ் வகைக்கு அந்தச் சோதனை ஆகாது.

மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாக ஓட்டலாம். ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள்.