சேர்ந்து வேலை செய்யவும் காசு வேண்டும், ஐயா

எங்களைப் போல இலவச சட்ட ஆலோசனை தரும் சிறிய அமைப்புகளோடு நிதி கொடுப்பவர்கள் நடத்திய கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று போட்டோக்களோடு "சிறிய அறக்கட்டளைகளிடம் ஒற்றுமை இல்லை" என்ற வரியையும் பார்த்த பிறகு பொறுக்கவில்லை.

இலவச சட்ட ஆலோசனை தரும் அமைப்புகள் தனித்தனியாக நிதி கேட்கக் கூடாதாம், கூட்டாக ஒரே விண்ணப்பம் போட வேண்டுமாம். சரி, போடுகிறோம். எல்லோருடைய கணக்கையும் சேர்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். வருகிறவர்களின் ரகசியம் கசியாமல் விவரம் பகிர ஏற்பாடு வேண்டும். அதற்கு பட்ஜெட்டில் ஒரு வரி கேட்டால், நிர்வாகச் செலவு என்று அடித்துவிடுகிறார்கள். சேர்ந்து வேலை செய்யவும் காசு வேண்டும் என்று அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள்.

பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியை வாங்கி நமக்குப் பிரித்துத் தரும் என்றார் ஒருவர். 2020இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையே மூடிவிட்டார்கள். பெறும் அமைப்புக்கு அந்தச் சட்டப்படி பதிவு இருந்தாலும் கைமாற்ற முடியாது. அதே திருத்தத்தில்தான் நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. சட்ட உதவிக்காரர்களுக்கு சட்டம் தெரியாதவர் வகுப்பெடுக்கிறார், நாங்களும் கைதட்டினோம்! உள்நாட்டுப் பணத்துக்கு இந்தத் தடை இல்லைதான். ஆனால் அங்கே விண்ணப்பம் பெரிய அமைப்பின் பெயரில், லோகோ அதனுடையது, வேலை நமக்கு.

ஒற்றுமை இல்லையாம். கணவனிடம் அடி வாங்கி, வேலை பார்த்த இடத்தில் சம்பளப் பாக்கியோடும் ஓர் அக்கா எங்களிடம் வந்தார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட நாங்கள் உதவினோம். சம்பள விவகாரம் தெரிந்த இன்னோர் அமைப்புக்கு நானே கூட்டிப் போனேன். அக்காவுக்கு இரண்டும் நடந்தது. ஆண்டறிக்கையில் இரு அமைப்புகளும் அவரைக் குறிப்பிட்டதும் நிதி கொடுத்தவரின் அலுவலகத்திலிருந்து கேள்வி: "ஒரே பயனாளியை இரண்டு தடவை கணக்குக் காட்டுகிறீர்களா?" தலை எண்ணித்தான் பணம் என்றால், வந்தவரை அடுத்தவரிடம் அனுப்ப யாருக்கு மனசு வரும்? போட்டியை வைத்தது நாங்களா?

எல்லோரும் ஒன்றாக இணைந்துவிடலாமே என்பீர்கள். மனைவி எங்களிடம் வந்திருக்கும்போது கணவனும் ஆலோசனை கேட்டு வந்தால் எங்கே அனுப்புவது? ஒரே அமைப்பு இரு தரப்புக்கும் பேச முடியாது. தனித்தனியாக இருப்பதற்கு இப்படியும் காரணம் உண்டு, எல்லாம் ஈகோ இல்லை. (ஈகோவும் இருக்கிறது. விடுங்கள்.)

அரசே தருகிறதே, நீங்கள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நல்ல சட்டம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. அரசின் சட்ட உதவித் தொலைபேசி எண்ணான 15100ஐ எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் வந்த நோட்டீஸ் என்ன சொல்கிறது என்றே புரியாதவர், தன் பிரச்சினைக்குச் சட்டத்தில் வழி இருப்பதே தெரியாதவர், அந்த எண்ணை எதற்கு அழுத்துவார்? பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

அங்கேதான் வலிக்கிறது. "சேவைதானே செய்கிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் ஒருவர். எங்களோடு இருந்த இளம் வழக்கறிஞர் போன மாதம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். வீட்டுக் கடன் இருக்கிறது, வாழ்த்தித்தான் அனுப்பினேன். அவர் கையிலிருந்த கோப்புகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற நேரத்தில்தான் கூட்டு விண்ணப்பத்துக்கு முப்பது பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள், இலவசமாக.