டோர்க் ரெஞ்ச் எடுக்கும் முன்

எஞ்சின் பூட்டுவது பற்றிய உங்கள் கட்டுரை, ஹெட் போல்ட்டை (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை அடியிலுள்ள பிளாக்கோடு இறுக்குவது) நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்கச் சொல்கிறது; சரிதான். ஆனால் பிளாக்கில் போல்ட் இறங்கும் துளையைத் துப்புரவாக்குவதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! அடி மூடிய துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது அமுங்காது. குறித்த அளவு முறுக்கு வந்ததும் சத்தமிடும் டோர்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், ஹெட்டோ இறுகியிருக்காது. பிளாக்கில் விரிசலே விழலாம். மட்டக்களப்பின் படுவான்கரையில் அறுவடை அவசரத்தில் உழவு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். துளைக்குக் காற்றடியுங்கள் (கண்ணை மூடிக்கொண்டல்ல, கண்ணாடி போட்டுக்கொண்டு). கையேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள். துருவேறிய மரையில் உராய்வே விசையைத் தின்றுவிடும். தண்ணீர் ஓடும் பகுதிக்குள் இறங்கும் போல்ட்டுக்கு எண்ணெய் போதாது, கசிவை அடைக்கும் சீலன்ட் வேண்டும். ஒருமுறை மட்டும் பாவிக்கும் வகையென்றால் பழைய போல்ட்டைத் தொடவே வேண்டாம், அது ஏற்கெனவே நீண்டுவிட்டது.